குறைவாக ஓடிய பழைய மோட்டார் ஹோம்: டீசல் எஞ்சினை நம்பலாமா?

கேள்வி:
பதினெட்டு ஆண்டு பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். அதை நம்பி வாங்கலாமா?

பதில் 1:
குறைந்த ஓட்டத்தை நான் நற்சான்றாகக் கொள்ள மாட்டேன். ஆண்டுக்கணக்கில் நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் குழாய்களும் சீல்களும் இறுகி வெடித்திருக்கும். டீசல் தொட்டியில் ஈரம் சேர்ந்து, அதில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) உள்ள எஞ்சினானால், பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடுவோடு ஆண்டுக் கெடுவும் உண்டு என்பதால், மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும்.

பதில் 2:
நீங்கள் போய்ச் சேரும் முன்பே விற்பவர் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், எனக்குச் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் நீங்காத வெள்ளைப் புகைக்கு எரியாத டீசலோ கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவோ காரணமாக இருக்கலாம். ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை விட்டுவிட்டுப் பலமாக உந்தி வந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும்.

பதில் 3:
டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், டீசலில் அது இயல்பு. பால் கலந்ததுபோல் இருந்தால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.