பழைய வீட்டு நடுக்கூடத்தின் படத்துக்குப் பழமைத் தோற்றம் கொடுக்க முயன்றேன். தேநீரில் தோய்த்ததுபோல் ஆகிவிட்டது. உதவி தேவை

கேள்வி:

வணக்கம். திருகோணமலையில் எங்கள் அம்மம்மா பிறந்த ஓட்டு வீடு இன்னும் நிற்கிறது. 1990 இடப்பெயர்வில் அந்த வீட்டு ஆல்பம் தொலைந்துவிட்டது. அடுத்த மாதம் அம்மம்மாவுக்கு 90 வயது நிறைவதால், அவர் சிறுமியாக இருந்த 1930களின் இறுதியில் எடுத்ததுபோன்ற தோற்றத்தில் நடுக்கூடத்தின் படமொன்றைச் சட்டமிட்டுக் கொடுக்க நினைத்தேன்.

கைத்தொலைபேசியில் அகலக் கோணத்தில் எடுத்து, ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் விண்டேஜ், கிரஞ்ச் ஆகிய பில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். சுவர், யன்னல், சாய்மனைக் கதிரை எல்லாம் ஒரே மஞ்சளாகிவிட்டன. சிவப்புச் சீமெந்துத் தரைக்கும் சுவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டபோது, வெறுஞ்சுவரில் படிப்படியாகப் பட்டைகள் வேறு விழுந்திருந்தன. பிழை எங்கே என்று யாராவது சொல்வீர்களா?

பதில் 1:

பில்டரின் அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பதில் 2 (உப்புவெளியிலிருந்து):

குறைத்தால் கறை மங்கும், ஆனால் படம் பழையதாகாது. பழமை என்பது படத்தின்மேல் பூசும் நிறமன்று. அக்காலக் கமராவில் பிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகடும், அச்சிட்ட தாளும் ஒளியை வாங்கிய விதம். அதனால் படம் எடுப்பதிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

உங்கள் தொலைபேசி எச்.டி.ஆர் முறையில் பல படங்களைச் சேர்த்து, யன்னலுக்கு வெளியே உள்ள கடலையும் உள்ளே கதிரைக்கடியில் உள்ள இருளையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டியிருக்கும். 1930களின் எந்தக் கமராவாலும் அது இயலாது. கூடம் தெரிய வேண்டுமென்றால் யன்னல் வெளுத்தே தீரும். கண்ணாடித் தகட்டின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பிய ஒளி, யன்னல் விளிம்பைச் சுற்றிப் புகைபோலப் படரவும் செய்யும். ஆகவே எச்.டி.ஆரை நிறுத்துங்கள், முடிந்தால் ரா கோப்பாக (தொலைபேசி சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். அகலக் கோணத்தை விட்டு முதன்மை லென்ஸைப் பயன்படுத்தி, தொலைபேசியை முக்காலியில் நெஞ்சுயரத்தில் சாயாமல் நிறுத்துங்கள். பழைய பெட்டிக் கமராக்காரர்கள் தூண்களும் கதவு நிலைகளும் செங்குத்தாக நிற்பதில் மிகக் கவனமாக இருந்தார்கள். சரிந்து நிற்கும் தூண் எந்தப் பில்டரையும் காட்டிக்கொடுத்துவிடும். ரியூப் விளக்கை அணைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக் மின்விளக்கு ஆளியை ஒரு நாட்காட்டியால் மறைத்தால் பின்னர் அழிக்கும் வேலை மிச்சம்.

அடுத்தது தரை. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஓர்த்தோகுரோமற்றிக் தகடுகள் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணரா. எனவே சிவப்புத் தரை ஏறத்தாழக் கறுப்பாகவே விழும். ஸ்னாப்சீட்டின் கறுப்பு வெள்ளைக் கருவியில் நிற வடிகட்டியை நீலத்துக்கோ பச்சைக்கோ மாற்றுங்கள். சுவரிலிருந்து தரை உடனே பிரிந்து நிற்கும்.

பழைய படங்களில் தெரியும் செப்பியா என்ற கபிலத்தைப் பலர் வயதேறியதன் நிறமென்று நினைக்கிறார்கள். உண்மையில் அது படம் நீடிப்பதற்காகவே செய்யப்பட்ட இரசாயன வேலை: உலோக வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறும்போது கபில நிறம் வருகிறது. வெள்ளி இல்லாத இடத்தில் மாறுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே தாளின் வெண்மையே தெரியும். ஆகவே கபிலம் நிழலிலும் இடைத்தொனியிலும் இருக்கட்டும், யன்னல் வெளிர்க் கிறீம் நிறத்தோடு நிற்கட்டும். கேர்வ்ஸ் என்ற தொனி வளைகோட்டுக் கருவியில் நீல வரியின் நடுப்பகுதியைச் சற்றே தாழ்த்தி, சிவப்பு வரியின் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்துங்கள். மொத்த வரியின் இடது கீழ்முனையைச் சிறிது தூக்கினால், கடுங்கறுப்பு வெளிறிய கறுப்பாகும்.

கிரஞ்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரிய தகடுகளைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் அச்சிட்டதால், அப்படங்களில் மணற்பொரி (மணல் தூவியதுபோன்ற நுண்புள்ளிகள்) தெரிவதேயில்லை. கீறலும் கறையும் நிறைந்த படத்தைப் பார்த்தால், பழைய படம் என்று தோன்றாது, பில்டர் என்றுதான் தோன்றும்.

பட்டைகளைப் பற்றி ஒரு கேள்வி: அச்சகத்துக்குக் கோப்பை எப்படி அனுப்பினீர்கள்?

கேள்வி கேட்டவர்:

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினேன்.

பதில் 2:

பாதிக் காரணம் அதுதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். மறுபாதி, ஜேபெக் கோப்பில் மென்மையான சுவர்த்தொனியை அளவுக்கு மீறி இழுத்தது. ரா கோப்பிலிருந்து தொடங்கினால் இது பெரும்பாலும் வராது. வந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு பொரியைக் கடைசியாகச் சேர்த்தால் பட்டைகள் கலைந்துவிடும். பொரி வேண்டாமென்று மேலே சொன்னவன் இதைச் சொல்வது முரண்தான். ஆனால் இங்கே அது மருந்தளவு மட்டுமே.

பதில் 3:

இன்னொன்று. படத்தின் பின்புறத்தில் எடுத்த ஆண்டை எழுதிவையுங்கள். பிரெடரிக் கோட்டைக்குள் உள்ள வெல்லெஸ்லி இல்லத்தின் அறையொன்றைச் செப்பியாவாக்கி, பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய காலத்துப் படம் என்று ஒருவர் என்னிடம் காட்டினார். வெல்லெஸ்லி இங்கே வந்தது 1800 அளவில். பிரெஞ்சுக்காரரான லூயி டகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். வீட்டுப் படம்தானே என்று விட்டால், பேரப்பிள்ளைகள் நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரத்தின் பின்):

மூவருக்கும் நன்றி. காலை ஏழு மணியளவில் மீண்டும் எடுத்தேன். நீல வடிகட்டியில் பச்சைக் கதவும் கறுத்துப்போனதால் பச்சை வடிகட்டிக்கு மாற்றினேன். கதவு தெளிந்தது, தரை கறுப்பாகவே நின்றது. பட்டைகள் இல்லை. ஆண்டையும் பின்புறத்தில் எழுதிவிட்டேன்.

பிறந்த நாள் வரை பொறுக்க முடியாமல் அம்மம்மாவிடம் நேற்றே காட்டினேன். சிவப்புத் தரை ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்து, தகடு பற்றிய விளக்கத்தை மனத்துக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவேயில்லை. "என்ர கூறைச் சேலையும் இப்படித்தான் கறுப்பாய் விழுந்தது" என்று சொல்லிவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டம் எங்கே போனது என்று விசாரித்தார்.