ஒயில் ஸ்பிரிங்ஸில் கண்ட துலாவும் நம் வாசிகசாலைப் பின்னறையும்

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் நம் ஊர் வாசிகசாலையின் பூட்டிக் கிடக்கும் பின்னறை பற்றிக் கதை வந்தபோது நான் ஒன்று சொல்லத் தொடங்கி, நேரம் போதாமல் விட்டுவிட்டேன். லண்டன் ஆட்களுக்கு நடுச்சாமம், சிட்னி ஆட்களுக்கு வேலைக்குப் போகும் நேரம். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் ரொறன்ரோவை விட்டுச் சார்னியாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. இங்கிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓடினால் ஒயில் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கிராமம். எழுநூறு பேர்கூட இல்லை. ஆனால் 1858 இல் ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் என்ற ஹமில்டன் வண்டி உற்பத்தியாளர் அங்கே தோண்டிய கிணற்றைத்தான் வட அமெரிக்காவின் முதல் வணிக எண்ணெய்க் கிணறு என்று இங்கே சொல்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய் கண்டது அதற்கு அடுத்த வருடம். அந்த இடத்தில்தான் கனடாவின் எண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது.

முதல் தடவை மகளின் பள்ளி வேலைக்காகப் போனேன். பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. அங்கே ஒரு நீண்ட மரக்கொம்பைக் கண்டதும் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் நிலத்தில் கட்டியிருக்கிறது, நடுவில் ஒரு கவர் தாங்குகிறது, மற்றப் பக்கம் அந்தரத்தில் வளைந்து நிற்கிறது. அதன் நுனியில் துளையிடும் இரும்பைத் தொங்கவிட்டு, கயிற்று வளையத்துக்குள் காலை வைத்து மிதிப்பார்களாம். கொம்பு தாழும், இரும்பு பாறையில் இடிக்கும், கொம்பு தானாக எழும்பும். ஹியூ நிக்சன் ஷா என்பவர் 1862 சனவரியில் இப்படி மிதித்து மிதித்துத்தான் பாறைக்குள் இறங்கினார். எண்ணெய் பீறிட்டு அடித்தது. அடக்கத் தெரியாமல் பக்கத்து ஓடை முழுக்கக் கறுத்து ஓடியிருக்கிறது.

எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்? அப்பா தோட்டத்துக்கு இறைக்கும்போது பெரியப்பா கிணற்றுத் துலா மிதித்தது. அச்சுலக்கை கிறீச்சிட, அவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தது. மகளுக்குச் சொன்னேன். அவள் துலாவைக் கண்டதில்லை. கைபேசியில் படம் தேடிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நிமிடம் எனக்கு நெஞ்சில் தைத்தது. வேற்று ஊர்க்காரன் தன் துலாவை 160 வருடமாக வைத்திருக்கிறான். எங்கள் துலா எங்கே?

வயல்வெளிப் பக்கம் போனால் இன்னொன்று. ஜெர்க்கர் லைன் என்பார்கள். மரச் சட்டங்களை ஒன்றோடொன்று பூட்டி, சின்னச் சின்னக் கம்பங்களில் தொங்கவிட்டு, ஒரே இயந்திரத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துத் தள்ளுவது. அந்த ஒரே அசைவில் பல கிணறுகள் சேர்ந்து இறைக்கும். ஜோன் ஹென்றி ஃபேர்பேங்க் 1860களில் கொண்டுவந்த முறை. அவருடைய குடும்பம் 1861 இலிருந்து அந்த நிலத்தில் எண்ணெய் எடுக்கிறது, இன்றும் அதே முறையில் எடுக்கிறது. பக்கத்தில் நின்றால் சத்தம் மெதுவாகத்தான் கேட்கும்: ஒரு முனகல், ஒரு இடைவெளி, திரும்ப ஒரு முனகல். புல்லுக்குள் இருந்து மண்ணெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த ஒரு மணம்.

அந்த எண்ணெயை முதலில் வடித்தது விளக்குக்குத்தான். கார் எல்லாம் பிறகு வந்த கதை. விளக்குகள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அன்று வழிகாட்டியாக நின்ற ஒரு வயதான அம்மாவிடம் எங்கள் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன். தொண்ணூறுகளில் போரால் ஊரில் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரி எவ்வளவு நேரம் எரியும், புகைக்காதா என்றெல்லாம் கேட்டார். போகும்போது, 'அதை ஒன்று செய்து எடுத்து வருவீர்களா?' என்றார். அப்படித்தான் நானும் மகளும் இந்த வட்டாரத்தில் எண்ணெய் மரபைக் காக்கும் ஒரு சின்ன இடத்துக்குத் தொண்டு செய்யப் போகத் தொடங்கினோம். ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பிள்ளைகள் 40 மணி நேரச் சமூகத் தொண்டு முடித்தால்தான் சான்றிதழ். மகள் அந்த 40 ஐ எப்போதோ தாண்டிவிட்டாள், இன்னும் போகிறாள்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

அங்கே காசு சேர்க்கிற விதம். சனிக்கிழமைக் காலைச் சாப்பாடு ஒன்று வைத்தார்கள். பான்கேக், மேப்பிள் பாணி, கோப்பி. விடிய ஆறு மணிக்கு நாங்கள் மாவு கரைத்தோம். பக்கத்து மேசைகளில் மௌன ஏலம்: பொருளை வைத்து, கீழே ஒரு தாள். விருப்பமானவர் பெயரையும் தொகையையும் எழுதுவார், அடுத்தவர் அதற்கு மேலே எழுதுவார். ஊர்ப் பெண்கள் சேர்ந்து தைத்த ஒரு போர்வைக்குக் கடைசி ஐந்து நிமிடம் பெரிய இழுபறி. இரண்டு பேர் பேனாவை மாறி மாறி வாங்கினார்கள். ஆனால் எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது பொருளாளர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. சாப்பாட்டில் வந்த காசு கொஞ்சம்தான். அன்று வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் 'அடுத்த முறை நானும் வேலைக்கு வருகிறேன்' என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனதுதான் பெரிய வரவு. அவர்களில் ஒருவர் கூரை வேலைக்காரர்.

புதுக் கட்டடத்துக்குக் காசு கேட்டால் கை நீளும். பெயர்ப்பலகை வரும், படம் வரும். பழைய படங்கள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓட வேண்டும், அதன் மின்கட்டணத்துக்குக் காசு கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது அங்கேயும் இப்படித்தான். அதனால் அவர்கள் மாதாமாதம் சின்னத் தொகை தருகிறவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் கைப்பட நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். அச்சடித்த கடிதம் இல்லை. 'உங்கள் பத்து டொலரில் இந்த மாதம் இந்தப் பெட்டியின் பூட்டை மாற்றினோம்' என்ற மாதிரி ஒரு வரி.

நம் வாசிகசாலையை நினைத்துப் பாருங்கள். மேல்மாடி கட்ட நாம் எல்லோரும் மனதாரக் கொடுத்தோம். கட்டிமுடிந்தது, திறப்புவிழா நடந்தது. பின்னறை இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது. திறந்து கூட்டுவதற்கு ஆள் இல்லை, ஆளுக்குக் கொடுக்க மாதக் காசு இல்லை. உள்ளே பழைய பத்திரிகைக் கட்டுகளைச் செல் அரிக்கிறது. யாரையும் குறை சொல்லி எழுதவில்லை, கட்டடக் குழுவில் நானும் இருந்தேன்.

இதற்கு வெளியே வழி தேட வேண்டாம், நம்மிடமே இருக்கிறது: உபயம். அம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் உபயம். அந்த நாளில் எண்ணெய், பூ, மேளம் எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. எந்த நாட்டில் இருந்தாலும் உபயத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதே மாதிரிப் பின்னறைக்குப் பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு உபயம். ஒரு குடும்பமோ நாலைந்து குடும்பம் சேர்ந்தோ ஒரு மாதத்தை எடுக்கலாம். அந்த மாதத்து மின்சாரம், துப்புரவு, திறந்து வைக்கிற பிள்ளைக்குக் கைக்காசு அவர்கள் பொறுப்பு. இதோடு சேர்த்து, 60 பேர் மாதம் 10 டொலர் போட்டால் வருடத்துக்கு 7,200 டொலர். அதைத் தொடாமல் கூரைக்கென்று வைக்கலாம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இரண்டு விசயம். நம் சங்கம் இங்கே பதிவுபெற்ற அறநிறுவனம் இல்லை, ஆகவே வரிக்கழிவுப் பற்றுச்சீட்டு தர முடியாது. பதிவுபெற்ற இடங்களிலும் 50 டொலர் சீட்டு வாங்கி 20 டொலர் பெறுமதியான சாப்பாடு சாப்பிட்டால் 30 டொலருக்குத்தான் பற்றுச்சீட்டு. இதை முதலே சொல்லிவிட்டால் பிறகு மனவருத்தம் வராது. அப்புறம், கோடைகால ஒன்றுகூடலில் சீட்டிழுப்பு வைக்க நினைத்தால் ஒன்ராறியோவில் அதற்கு உரிமம் வேண்டும், அதுவும் தகுதியுள்ள அறப்பணி அமைப்புகளுக்குத்தான் கிடைக்கும். ஆகவே இம்முறை அதை விட்டுவிட்டு மௌன ஏலம் வைப்போம். தையல், பனையோலைப் பெட்டி, ஊறுகாய் ஏனம், பழைய படம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள்.

விளக்கைப் பற்றிக் கேட்ட அந்த வழிகாட்டி அம்மாவின் கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அவருடைய தாத்தா இந்தப் பக்கத்துப் பெற்றோலியாவிலிருந்து போன துளையிடுகாரர். 1870களிலிருந்து இந்தச் சிற்றூர்களின் ஆண்கள் ஜாவா, போர்னியோ, பர்மா, பாரசீகம், கலீசியா (இன்றைய போலந்து, உக்ரைன் பக்கம்) என்று எண்ணெய் தேடுகிற இடமெல்லாம் போனார்கள். மலேசியாவில் இருக்கும் நம் உறவுகள் சரவாக்கின் மிரிக்குப் போனால் கனடா குன்றைப் பாருங்கள். 1910 இல் அங்கே முதல் கிணறு வந்தது, இப்போது அதன் பக்கத்தில் ஒரு பெற்றோலிய அருங்காட்சியகமும் இருக்கிறது. போனவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள், பொருள் அனுப்பினார்கள். நாங்கள் தொண்டு செய்யும் இடத்துப் பெட்டிகளில் அதெல்லாம் இருக்கிறது. வெப்பநாட்டு மழையில் மை பரவிய ஒரு கடிதத்தில் ஒருவர் வீட்டு ஆப்பிள் மரம் காய்த்ததா என்று கேட்கிறார். என் அண்ணா சவூதியிலிருந்து எழுதிய கடிதங்களில் அம்மாவிடம் கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்த்ததா என்றுதான் முதலில் கேட்பார்.

பெற்றோலியாவில் எண்ணெய்க் காசில் 1889 இல் கட்டிய விக்டோரியா மண்டபம் சரியாக நூறு வருடம் கழித்து 1989 சனவரியில் எரிந்தது. 1992 இல் திரும்பத் திறந்தார்கள். 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சந்திப் பக்கம் செக்கு இருந்த வளவில் உரல் இன்னும் கிடக்கிறது என்று கேள்வி. அதை அளந்து, நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். செக்கு ஓட்டிய ஐயாவின் மகன் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் இருந்து, மாட்டை எப்படிப் பழக்கினார்கள், எள்ளு எத்தனை தரம் ஆட்டினார்கள் என்று கைபேசியில் பதிந்து வாருங்கள். அச்சுலக்கை, தண்ணீர் இறைக்கும் பட்டை, ஜாம் போத்தல் விளக்கு யார் வீட்டில் இருந்தாலும் எறியாமல் வைக்கச் சொல்லுங்கள்.

உபயத்துக்கு மாதம் எடுக்க விரும்புவோர் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஆவணி எங்கள் வீட்டுக்கு.