ஜாத்திரை ராத்திரி மாயா பஜார்: கலரா, கறுப்பு வெள்ளையா?

நகரி_வாசன்:
ஜாத்திரை முடியுற ராத்திரி தெருவுல திரை கட்டி மாயா பஜார் போடுறோம். 8 அடி அகலத் துணி, 2500 லூமென் புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். கையில ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு 2010ல கலர் பூசி அகலத்திரையா மாத்தி வந்த தெலுங்குப் படம். இன்னொண்ணு 1957 தமிழ்ப் படம், கறுப்பு வெள்ளை. எங்க தெருவுல ரெண்டு பாஷையும் எல்லாருக்கும் புரியும், அது பிரச்சினையில்ல. என் ஓட்டு கலருக்குத்தான். பாகுபலி, ஆர்ஆர்ஆர் பார்த்து வளர்ந்த பிள்ளைங்களுக்குக் கண்ணு அகலத்துக்குப் பழகிடுச்சு. சதுரமா சாம்பல் நிறத்துல ஓடுற படத்துக்கு அரை மணி நேரம்கூட உட்கார மாட்டாங்க. இந்தப் படத்தை அவங்க கடைசி வரைக்கும் பார்க்கணும்.

புத்தூர்_மீனா:
வாசன் அண்ணா, கலரை அப்புறம் பேசலாம். முதல்ல வெட்டைப் பாருங்க. அந்தக் காலத்து பிரேம் 1.37:1, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. அதை இப்போதைய டிவி அளவான 16:9க்கு வெட்டினா உயரத்துல 23 சதவீதம் போயிடும். 2.35:1 ஸ்கோப்புக்கு, அதாவது சினிமாஸ்கோப் அகலத்திரைக்கு வெட்டினா 42 சதவீதம். தமிழ்ல ஸ்கோப் வந்தது 1973ல, ராஜராஜ சோழன். தெலுங்குல 1974ல, அல்லூரி சீதாராம ராஜு. 1957ல மார்கஸ் பார்ட்லி கேமரா வெச்சது முழுக்க உயரத்தை நம்பித்தான்.

புராணப் படத்துல ஒரு ஆளுன்னா கிரீடமும் சேர்ந்துதான் ஆளு. இடுப்பளவு ஷாட்டுல கிரீடத்து நுனி மேல் விளிம்பை ஒட்டி நிக்கும், கை கீழ் விளிம்பை ஒட்டி இருக்கும். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒண்ணு போயிடும். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டை எடுத்துக்கோங்க. கடோத்கஜனா ரங்காராவ் உட்கார்ந்திருக்கார், எதிர்ல தட்டு தட்டா பலகாரம், லட்டு தானா எழும்பி அவர் வாய்க்குப் போகுது. தட்டுல இருந்து வாய் வரைக்கும் அது ஏறுற உயரம்தான் அந்தப் பாட்டோட வேடிக்கையே. அந்த உயரத்துல கால் பங்கை எடுத்துட்டுப் பிள்ளைங்களுக்கு எதைக் காட்டப் போறீங்க?

நகரி_வாசன்:
நீ சொல்றது நல்ல பிரதி இருந்தா சரி மீனா. என்கிட்ட இருக்குற தமிழ்ப் பிரதி டிவியில இருந்து எடுத்தது. கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளுத்த சாம்பல். கீறல் கோடு கோடா மழை பெய்யுது. பாட்டு ஏதோ வேகமா ஓடுற மாதிரி இருக்கு, கண்டசாலா குரலே கொஞ்சம் மெலிஞ்சு கேக்குது. கலர்ப் பிரதி கீறல் எல்லாம் துடைச்சு வந்தது. கண்ணுக்குத் தெரியாத முழு பிரேமைவிடத் தெளிவாத் தெரியுற முக்கால் பிரேம் மேல்.

புத்தூர்_மீனா:
துடைச்சப்போ சில பாட்டுங்களும் சேர்ந்து போயிடுச்சு அண்ணா. படத்தோட நீளமே குறைஞ்சுது. இன்னொரு விஷயம், 'ஆஹா இன்ப நிலாவினிலே' படகுப் பாட்டு. அந்த நிலா வெளிச்சம் முழுக்க பார்ட்லி விளக்கை வெச்சு உண்டாக்கினது. தண்ணியில எங்க மினுங்கணும், சாவித்திரி கன்னத்துல எவ்வளவு விழணும்னு சாம்பல்லயே கணக்குப் போட்டு வெச்சது. அது மேல நீலம் பூசினா பார்வை முதல்ல நீலத்துக்குத்தான் போகும், வெளிச்சத்துக்குப் போகாது.

குப்பம்_ஆபரேட்டர்:
ரெண்டு பேர் சொல்றதுலயும் சரி பண்ணக்கூடிய விஷயம் நிறைய இருக்கு.

வாசன் தம்பி, முதல்ல வேகம். படம் ஓட வேண்டியது நொடிக்கு 24 பிரேம். நம்ம டிவி 25ல காட்டும். அதனால 4 சதவீதம் வேகம் கூடும், சுருதி அரைஸ்வரத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறும். கண்டசாலா குரல் மெலிஞ்சது அதனாலதான். லேப்டாப்ல விஎல்சி பிளேயர்ல வேகத்தை 0.96 வையுங்க. ஆனா அதோட ஆடியோ செட்டிங்ல 'டைம் ஸ்ட்ரெச்சிங்' ஆஃப்ல இருக்கணும். ஆன்ல இருந்தா வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறினது ஏறினபடியே நிக்கும். பலர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

அடுத்து சாம்பல். பாதி நேரம் குறை பிரதியில இருக்காது. வெளிச்சத்துக்கு 0ல இருந்து 255 வரைக்கும் எண் உண்டு, வீடியோவுல கறுப்பு 16ல ஆரம்பிச்சு வெள்ளை 235ல முடியும். லேப்டாப் ஒரு கணக்குல அனுப்பி, புரொஜெக்டர் வேற கணக்குல வாங்கினா கறுப்பு வெளுத்துடும். ரெண்டுலயும் எச்டிஎம்ஐ ரேஞ்சை ஒரே மாதிரி வையுங்க, லிமிடெட்னா (16-235) ரெண்டுமே லிமிடெட். அதுக்கப்புறமும் வெளுப்பா இருந்தா பிரைட்னஸைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. தலைமுடிக்குள்ள இழை தெரியுற அளவோட நிறுத்திடுங்க. ஷார்ப்னஸ் 0. அதை ஏத்தினா மழைக்கோடு இன்னும் பளிச்சுனு தெரியும்.

மூணாவது தெரு வெளிச்சம். புரொஜெக்டர் லென்ஸைக் கையால மூடிட்டுத் துணியைப் பாருங்க. அப்போ துணி எவ்வளவு வெளிச்சமா இருக்கோ, அதைவிடக் கறுப்பு படத்துல வராது. ஜாத்திரை சீரியல் பல்பு, பக்கத்துக் கம்பத்து விளக்கு ரெண்டையும் அணைக்கச் சொல்லுங்க. 2500 லூமென் இந்தத் துணிக்குத் தாராளம். குறை எப்பவும் வெளிச்சம் பத்தாததுல இல்ல, இருட்டு பத்தாததுலதான்.

நகரி_வாசன்:
அண்ணா, சுருதியும் ரேஞ்சும் சரி பண்ணிடுறேன். ஆனா கலர்ப் பிரதியிலயே கலரை 0 ஆக்கிட்டா? சுத்தமான கறுப்பு வெள்ளை கிடைக்குமே.

குப்பம்_ஆபரேட்டர்:
நல்ல யோசனைதான். கலர் பூசும்போது வெளிச்ச அளவு பெரும்பாலும் பழைய படத்துல இருந்தே வரும், அதனால கலரை எடுத்துட்டா மோசமா இருக்காது. ஆனா வெட்டின தலையும் காலும் திரும்பி வராது. இன்னொரு தொல்லையும் இருக்கு. அந்தப் பிரதியோட சத்தம் 5.1, அதாவது ஆறு சேனலாப் பிரிச்சது. வசனம் நடு சேனல்ல ஓடும். ரெண்டு பாக்ஸை மட்டும் மாட்டினா இசை அதிரும், வசனம் முணுமுணுக்கும். பிளேயர்ல ஸ்டீரியோவுக்கு மாத்தியே ஆகணும். தமிழ்ப் பிரதி மோனோ, எல்லாம் ஒரே சேனல்தான், அந்தக் கவலை இல்ல. எந்தப் பிரதியா இருந்தாலும் ரெண்டு பாக்ஸும் திரைக்குக் கீழயே இருக்கட்டும். தெருக் கோடியில 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவங்களுக்குச் சத்தம் போய்ச் சேரவே 0.1 நொடி ஆகும், வாயசைவு அவங்களுக்குக் கொஞ்சம் பிசகும். அவங்களை முன்னாடி வரச் சொல்லுங்க. நடுவுல கூம்பு ஸ்பீக்கர் கட்டி இழுக்காதீங்க, ரெண்டு இடத்துச் சத்தமும் மோதி வசனமே புரியாமப் போயிடும்.

புத்தூர்_மீனா:
பிள்ளைங்க எழுந்து போறதுக்குக் காரணம் சதுரம் இல்ல அண்ணா, ரெண்டு பக்கமும் வெள்ளைத் துணி சும்மா தொங்குறதுதான். அது படம் குறைஞ்ச மாதிரி காட்டும். 8 அடி அகலத்துல 16:9னா உயரம் 4.5 அடி. பழைய படம் அதுக்குள்ள கிட்டத்தட்ட 6 அடி அகலத்துக்கு நிக்கும். பக்கத்துக்குச் சுமார் 1 அடி மிச்சம். அந்த ஒவ்வொரு அடிக்கும் கறுப்புத் துணி தொங்க விடுங்க, படத்து விளிம்பு துணி மேல ஒரு விரக்கடை ஏறுற மாதிரி. அப்போ சட்டம் போட்ட மாதிரி முழுசா நிக்கும். புரொஜெக்டர்ல 'ஃபுல்', 'ஸ்ட்ரெச்' எதையும் தொடாதீங்க. ரங்காராவ் ஏற்கெனவே பெரிய உடம்பு, அவரை இன்னும் பக்கவாட்டுல இழுத்தா கதாயுதம்கூடத் தடியாத் தெரியும்.

நகரி_வாசன்:
துணி கட்டிடுறேன். தமிழ்ப் படமே முழுசா ஓடட்டும். ஆனா விருந்துப் பாட்டு வரும்போது மட்டும் கலருக்கு மாத்திட்டுத் திரும்ப வந்துடலாமா? ரெண்டுலயும் கடோத்கஜன் ரங்காராவ்தானே.

புத்தூர்_மீனா:
ஆள் ஒண்ணுதான், குரல் வேற. தமிழ்ல திருச்சி லோகநாதன், தெலுங்குல மாதவபெத்தி சத்யம். நடுவுல மாத்தினா ஒரே வாயில ரெண்டு தொண்டை. மாத்துற இடம் கொஞ்சம் தவறி அபிமன்யு காட்சிக்குள்ள போயிட்டா இன்னும் மோசம், அங்க நாகேஸ்வர ராவ், இங்க ஜெமினி கணேசன். படம் முடிஞ்சதும் தெலுங்குப் பாட்டைத் தனியாப் போடுங்க, கலர்லயே போடுங்க. லட்டு எவ்வளவு உயரம் ஏறுதுன்னு அப்போ பிள்ளைங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கட்டும்.

குப்பம்_ஆபரேட்டர்:
தம்பி, அந்தப் பாட்டுக்கு மாறும்போது வேகத்தைத் திரும்ப 1.00 ஆக்க மறந்துடாதீங்க. சத்யம் குரல் இறங்கிடும்.