'தி போஸ்ட்' பார்த்தேன், ஒரு சந்தேகம் தீரவில்லை

கோத்தகிரி நிருபர்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன், 11 வருஷம் ஆகிறது. போன வாரம் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, வந்த அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஸ்பீல்பெர்க் எடுத்த 'தி போஸ்ட்' பார்த்தேன். 2017-இல் வந்த படம். வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க அரசு மறைத்து வைத்திருந்த பென்டகன் ஆவணங்களை 1971-இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட கதை. மெரில் ஸ்ட்ரீப்தான் பத்திரிகை முதலாளி கேத்தரின் கிரஹாம், டாம் ஹாங்க்ஸ் ஆசிரியர் பென் பிராட்லி.

எல்லோரும் அந்த அம்மாள் போனில் "போடலாம்" என்று முடிவு சொல்லும் இடத்தைத்தான் பேசுகிறார்கள். என்னைத் தூங்கவிடாதது வேறு இடம். பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1967-இல் அந்த ஆய்வை எழுதச் சொன்னதே ராபர்ட் மக்நமாரா. அவர் கிரஹாமுக்குப் பல வருஷ நண்பர். அவர் வீட்டுக்கே போய் எதிரில் உட்கார்ந்து அந்த அம்மாள் பேசுகிறாரே, அந்த இடம்.

எனக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தன் ஜீப்பிலேயே கோவை வரைக்கும் கொண்டுபோனவர். அப்பா இன்றைக்கு உயிரோடு இருப்பது அவரால்தான். இப்போது அவர் காட்டேஜ் கட்டுகிறார். ராத்திரியில் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டுகிறார்கள், நேர் கீழே லைன் வீடுகள், 14 குடும்பம். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது யாருக்கு மறக்கும்? போட்டோ எடுத்துவிட்டேன். ஆனால் மூன்று நாளாக ஆபீசுக்கு அனுப்பாமல் கையில் வைத்திருக்கிறேன்.

கிரஹாம் முதலாளி, முடிவெடுக்க அவரால் முடிந்தது. நான் அனுப்பினாலும் டெஸ்க்கில் போடுவார்களா என்பதே நிச்சயமில்லை, ஏற்கெனவே ஒரு தடவை விளம்பரதாரர் பற்றிய செய்தி அப்படியே நின்றுபோனது. என்னைப் போன்றவனுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது? நட்பை என்ன செய்வது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் வாசகன்:
அண்ணா, உங்களுக்கான ஆள் அந்தப் படத்தில் இருக்கிறார், ஆனால் கொஞ்ச நேரம்தான் வருகிறார். டேனியல் எல்ஸ்பெர்க், ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர். அந்த ஆய்வு 47 தொகுதி, சுமார் 7,000 பக்கம். 1969-இல் ஒரு விளம்பர கம்பெனியின் ஜெராக்ஸ் மெஷினில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நகல் எடுத்தார், 13 வயது மகனும் கூட நின்று உதவினான். அவர் எந்தப் பத்திரிகைக்கும் முதலாளி இல்லை. 115 வருஷம் வரைக்கும் சிறை கிடைக்கக்கூடிய வழக்கைப் போட்டார்கள், 1973-இல்தான் தள்ளுபடியானது.

படத்தின் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. ஆவணங்களை முதலில் வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ், 1971 ஜூன் 13. நீல் ஷீஹன் என்ற நிருபரின் உழைப்பு. 15-ஆம் தேதி நீதிமன்றத் தடை வந்தது, அதற்கப்புறம் 18-ஆம் தேதிதான் போஸ்ட் போட்டது. முதலில் கல்லடி பட்டவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் போஸ்ட் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், தடை வந்த அதே 15-ஆம் தேதிதான் அந்தக் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன, வழக்கு என்றால் மொத்தமும் போகும் என்று தெரிந்தேதான் அச்சடித்தார்கள். 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று பத்திரிகைகள் பக்கம் நின்றது.

கொடைக்கானல் வக்கீல்:
தம்பி, அந்தத் தீர்ப்பு நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரி நக்கீரனுக்குக் கடிதம் எழுதியதில் வழக்கு டெல்லி வரை போனது. 1994-இல் உச்ச நீதிமன்றம், அரசோ அதிகாரிகளோ ஒரு செய்தியை வெளிவருவதற்கு முன்பே தடுக்க முடியாது, அவதூறு என்றால் வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது. பென்டகன் ஆவண வழக்கையும் அதில் எடுத்துக்காட்டினார்கள். அதே தீர்ப்பில் உங்களுக்கு வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பொது ஆவணத்தில் உள்ள விஷயத்தை எழுத யாருடைய சம்மதமும் தேவையில்லை.

அதனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கட்டட அனுமதி, சரிவை வெட்ட ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இரண்டும் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். கையில் தாள் இருந்தால் டெஸ்க்கும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

கூடலூர் அக்கா:
வக்கீல் சார் சொல்வது சரி, ஆனால் 30 நாள் யாருக்கு? மழை பெய்துகொண்டிருக்கிறது. தம்பி, நீ நிருபர் என்பதற்கு முன்னால் அந்த 14 வீட்டுக்கும் பக்கத்து ஆள். செய்தி வருகிறதோ இல்லையோ, இப்போதே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போடு, வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் எழுதிக் கொடு. மனுவின் நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொள், அதுவும் ஒரு தாள்தானே.

நண்பரைப் பற்றி. நம் ஊரில் யாரைப் பற்றி எழுதினாலும் நாளைக்கு ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார வேண்டியவர்கள்தான், அதற்குப் பயந்தால் மலையில் ஒருத்தரும் எதுவும் எழுத முடியாது. பத்திரிகையில் படித்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நீயே போய்ச் சொல்லு. அப்பாவைக் காப்பாற்றிய கடன் உன்னுடையது, அதை அந்த லைன் வீட்டுக் குழந்தைகள் ஏன் கட்ட வேண்டும்?

பழைய கம்பாசிட்டர்:
ஊட்டியில் ஒரு அச்சகத்தில் 30 வருஷம் எழுத்துக் கோத்தவன். படத்தில் ஈய எழுத்து வார்க்கிற இயந்திரமும், அச்சு ஓட ஆரம்பித்ததும் மேலே மேசை அதிர்வதும் பார்த்து அழுதுவிட்டேன். 1975 நெருக்கடி நிலையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தணிக்கையை எதிர்த்துத் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வந்ததே, அந்த இடத்தையும் யாரோ ஒருவர் கையால்தான் காலியாக விட்டிருப்பார். தம்பி, அனுப்பிவிடுங்கள்.

கோத்தகிரி நிருபர்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நேற்றே 1077-க்குச் சொன்னேன், மனுவும் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ வந்தது. போட்டோவைக் காட்டி, இதை இன்றைக்கு ஆபீசுக்கு அனுப்புகிறேன் அண்ணா என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பினேன். இன்றைய பேப்பரில் வரவில்லை. பொக்லைனும் நேற்று ராத்திரி ஓடவில்லை. வக்கீல் சார், தகவல் உரிமை மனுவை ஊராட்சிக்கும் ஹாக்காவுக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா, ஒன்றே போதுமா? ஸ்டாம்ப் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.