லாக்டேட் ரிப்போர்ட் விளங்குறவங்க இருக்கீங்களா?

வணக்கம். தங்கச்சி 5,000 மீட்டர் ஓடுறா, பயிற்சி நுவரெலியாவுல. கொழும்புல ட்ரெட்மில்ல ஓடவிட்டு, வேகத்தைப் படிப்படியா கூட்டி, ஒவ்வொரு படியிலயும் காது மடல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (வேகம் கூடக் கூட தசையிலருந்து ரத்தத்துல சேர்ற பொருள்) பார்த்தாங்க. ஓடுறதுக்கு முன்ன லீட்டருக்கு 1.2 மில்லிமோல், அது சாதாரணம்தான். மணிக்கு 13 கிலோமீட்டர் வரைக்கும் 2-ஐத் தாண்டல. ஆனா இனி முடியாதுன்னு இறங்கினப்பவும் 5.1 தான்! கூட வந்த பிள்ளைக்கு 11.

குறைஞ்சா நல்லதுன்னு கோச் சொல்றாரு. மெதுவா ஓடுறப்ப குறைவுன்னா சரி, உடம்பு ஆக்சிஜனை நல்லா பயன்படுத்துதுன்னு ஒத்துக்கலாம். உச்சத்துலயும் குறைவுன்னா? முந்தின நாள் நீண்ட ஓட்டம், காலையில வெறும் பிளேன்டீயும் பிஸ்கட்டும். தசையில கிளைக்கோஜன் (சேமிச்சு வச்ச மாச்சத்து) தீர்ந்திருந்தா லாக்டேட் கம்மியா காட்டும்னு படிச்சேன். 1,868 மீட்டர் உயரத்துல பழகின உடம்புங்கிறதும் காரணமா இருக்குமா?

நீண்ட நேரம் தாங்குற வேகத்துக்கு எல்லாருக்கும் லாக்டேட் 4 தான் எல்லைன்னு, 4 வந்த வேகத்தை வச்சே பயிற்சி அட்டவணை போட்டுட்டாங்க. அந்த வேகத்துல அவ பத்து நிமிஷம்கூட தாங்கமாட்டா, எனக்கு நம்பிக்கையே இல்ல.

நல்லா சாப்பிட்டு, ஓய்வெடுத்துத் திரும்ப டெஸ்ட் செய்யணுமா? இல்ல, கையடக்க மீட்டர் வச்சு இங்க நுவரெலியா ரேஸ்கோர்ஸ்லயே பார்க்கலாமா? மலையில எடுத்த கணக்கு கீழ கொழும்புல ஓடுறதுக்குப் பொருந்துமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.