அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பவர்

அஸ்தம்பட்டி:

போன வருடம் மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் எனக்கு ஒரு பவர், அதாவது பவர் ஆஃப் அட்டர்னி, அனுப்பினான். தபாலில் இல்லை, வாட்ஸ்அப்பில். அயோத்தியாப்பட்டணம் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்க வேண்டியிருந்தது. அவன் பாகத்துக்கு நான் கையெழுத்துப் போட அதிகாரம் வேண்டும். லீவு கிடைக்காது என்றான். அப்புறம் ஒரு ராத்திரி கூப்பிட்டு, "வேலை முடிஞ்சது, இருபது நிமிஷம்தான்" என்றான்.

அவன் இருப்பது வர்ஜீனியாவில். வீடியோவிலேயே நோட்டரி செய்துகொள்ளலாம் என்று அங்கே முதலில் சட்டம் போட்ட மாநிலம் அதுதான். 2012-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து லைசென்ஸைக் கேமராவில் காட்டியிருக்கிறான். பிறகு ஐந்து கேள்விகள். பழைய வீடு எந்தத் தெருவில், காருக்குக் கடன் வாங்கிய வருடம் எது என்கிற மாதிரி. கடன் வரலாற்றிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்துக் கேட்கும், குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். புதிதாகப் போய் இறங்கியவர்கள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். எல்லாம் முடிந்ததும் திரையின் அந்தப் பக்கம் இருந்த நோட்டரி அம்மா டிஜிட்டல் கையெழுத்தும் முத்திரையும் வைத்து பி.டி.எஃப். ஆகக் கொடுத்துவிட்டார். மொத்த உரையாடலும் வீடியோவாகப் பதிவாகி அவரிடம் இருக்கிறது.

நானும் நல்ல கனமான தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனேன். மனிதர் ஒரு வரி கூடப் படிக்கவில்லை. முத்திரை மேல் விரலை வைத்துத் தடவினார். "மேடே இல்லையே சார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வரவில்லை.

அவர்கள் சொன்னதில் விஷயம் இரண்டு. டிஜிட்டல் கையெழுத்து அந்தக் கோப்புக்குள் இருக்கிறது, தாளில் இல்லை. நான் கொண்டுபோனது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு நகல்தான். சரி, பென்டிரைவில் கோப்பையே கொடுக்கிறேன் என்றேன். அதுவும் ஆகாது. மின்னணுக் கையெழுத்தைச் செல்லுபடியாக்கியது 2000-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். எந்தெந்த ஆவணத்துக்கு இது பொருந்தாது என்று அதன் முதல் அட்டவணையிலேயே பட்டியல் இருக்கிறது. அதில் பவரும் உண்டு, உயிலும் உண்டு. 2022-ல் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். நிலம் விற்கும் ஒப்பந்தத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பவரில் மட்டும் ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு விலக்கு. தம்பிக்குக் கொடுக்கும் பவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அங்கே அது செல்லும், அதில் தப்பே இல்லை. நாங்கள் கேட்க வேண்டியது இங்கே செல்லுமா என்பதை. அதை ஒருவரும் கேட்கவில்லை. பத்திர எழுத்தரிடம் ஒரு போன் போட்டிருந்தால் அண்ணனுக்கு டாலர் மிச்சம், எனக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

கடைசியில் பழைய வழிதான். தாளில் எழுதி, பேனாவால் கையெழுத்திட்டு, இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு கூரியரில் அனுப்பினான். பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு வெளிநாட்டில் எழுதும் பவரை நோட்டரி, நீதிமன்றம், நம் தூதரகம் இவர்களில் ஒருவர் முன் எழுதி அவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் போய் அட்ஜுடிகேஷன் (தீர்வை எவ்வளவு என்று கணிப்பது) என்று கேட்டால் செய்து தருவார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்றைக்கு வந்தது என்பதற்கு என்னிடம் அது ஒன்றுதான் ஆதாரமாக இருந்தது.

ஏற்காடு, நாகலூர்:

அண்ணா, உங்களுக்கு வந்த சிக்கல் அங்கிருந்து இங்கே. எனக்கு இங்கிருந்து அங்கே. தங்கை நர்சிங் முடித்து சவுதிக்குப் போனாள், 2023-ல். சான்றிதழ்கள் அங்கே செல்லும்படி சரிபார்த்துக் கொடுக்க இ-சனத் என்று வெளியுறவு அமைச்சகத்தின் ஆன்லைன் வழி இருக்கிறதே, அதிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். 2017-ல் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களோடு தொடங்கியது அது. சான்றிதழ் கொடுத்த அமைப்பு தன் பதிவேட்டை அதில் இணைத்திருந்தால்தான் வேலை சுலபம், இருந்த இடத்திலிருந்தே சரிபார்த்துவிடுவார்கள். இவளுடையது எதுவும் அப்படிக் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, மூன்று சாயங்காலம் அதிலேயே போனது.

அப்புறம் ஏற்காடு எக்ஸ்பிரஸ். பேர் மட்டும்தான் எங்கள் ஊர் பேர். நாங்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஜங்ஷனுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். விடியுமுன்னே சென்னையில் இறக்கிவிடும். முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லத் தரும் சான்று. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அப்பா பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் போட்டு வைத்திருந்தார். வாங்க மாட்டேன் என்றார்கள். பத்து வருடம் பீரோவில் கண்ணாடி மாதிரி காப்பாற்றியது அதுதான். புதிதாக டூப்ளிகேட் வாங்கவே ஒன்றரை மாதம்.

சேலத்தில் ஒரு ஏஜென்ட் அப்போஸ்டிலும் வேண்டும், சவுதித் தூதரக முத்திரையும் வேண்டும் என்று சேர்த்து 18,000 ரூபாய் கேட்டார். அப்போஸ்டிலை ஒன்றுக்கொன்று ஏற்கும் நாடுகளின் ஹேக் ஒப்பந்தத்தில் சவுதி சேர்ந்து, 2022 டிசம்பர் 7 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அப்போஸ்டில் இருந்தால் தூதரகப் படி தேவையில்லை. தங்கையின் ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டுக் கேட்டோம், அவர்களும் அதையே எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டியதும் ஏஜென்ட் ஒன்றும் பேசவில்லை. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், வாங்கிக் கொடுக்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குவைத்துக்கோ கத்தாருக்கோ போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அந்த நாடுகள் ஒப்பந்தத்தில் இல்லை, தூதரகம் வரை போய்த்தான் ஆக வேண்டும்.

சூரமங்கலம்:

நான் சின்னதாக ஒன்று. மகனுக்காக இ-சேவையில் எடுத்த சான்றிதழை அவனுடைய சிங்கப்பூர் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினேன். கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி. போலியா என்று கேட்டு எழுதிவிட்டார்கள்! அந்தக் கேள்விக்குறிக்குச் சான்றிதழ் தப்பு என்று அர்த்தம் இல்லை. கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் இந்திய அமைப்பை அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான். கையெழுத்தின் மேல் கிளிக் செய்து அந்த அமைப்பை நம்பகமானது என்று சேர்த்துவிட்டால் பச்சை டிக் வந்துவிடும். இதை எப்படிச் செய்வது என்று படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த நாளே சரியாகிவிட்டது. ஒன்று கேட்க வேண்டும்: மகன் அங்கிருந்தபடியே வீடியோவில் நம்மூர் நோட்டரி முன்னால் அஃபிடவிட் போட முடியுமா?

அஸ்தம்பட்டி:

முடியாதுங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்காரும் ஒரு நோட்டரியிடம் நானே கேட்டுப் பார்த்தேன். ஆள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். 2024-ல் மத்திய அரசு நோட்டரி போர்ட்டல் ஒன்று தொடங்கியதே என்றேன். அது நோட்டரிகள் தங்கள் நியமனத்துக்கும் புதுப்பித்தலுக்கும் விண்ணப்பிக்கிற இடம், நமக்கு இல்லை என்று சிரித்தார். உங்கள் மகன் சிங்கப்பூரில் நம் தூதரகத்திலேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

எங்கள் நிலம் ஜூலையில் கிரயமானது. அன்றைக்கும் ஒரு தாள் கேட்டார்கள்: பவர் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று. அண்ணன் வீடியோ காலில் என் கையிலேயே இருந்தான். "நான் இருக்கேன் சார்" என்று அங்கிருந்து கத்தினான். அலுவலகத்து எழுத்தர் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, எங்கள் பத்திர எழுத்தர் முந்தின வாரமே சொல்லி அந்தச் சான்றை வாங்கி வைத்திருந்தார்.