மறு: மைக்ரேஷன் – ‘இடம்பெயர்வு’ வேண்டாம், ‘தரவுப்பெயர்ப்பு’ வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தரவுத்தள மென்பொருளில் உள்ளதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வேலையான ‘டேட்டாபேஸ் மைக்ரேஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் வந்த பரிந்துரைகளில் ‘தரவு இடம்பெயர்வு’ முன்னால் நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘தரவுப்பெயர்ப்பு’ என்றே வைக்கலாம்.

பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. வெள்ளத்துக்கும் போருக்கும் அஞ்சி மக்கள் இடம்பெயர்கிறார்கள், அது இடம்பெயர்வு. தரவு தானாக எங்கும் போவதில்லை. ஒருவர் உட்கார்ந்து பெயர்க்க வேண்டும். அதற்கான சொல்லமைப்பு ‘மொழிபெயர்ப்பு’ என்று நம் நாவில் ஏற்கெனவே பழகியிருக்கிறது. வேலையின் தன்மையும் மொழிபெயர்ப்புக்கு நெருக்கமானதுதான்.

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக் கொடுக்கும் கமிஷன் கடை ஒன்றின் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளிலிருந்து, அதே நிறுவனத்தின் பெரிய தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வருக்குக் கொண்டுபோகிறேன். சர்வரை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற நிலையில்தான் இந்த வேலை. ஆக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. பல கணினிகள் ஒரே கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கோப்பு பழுதாகவும் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலம் குறையும். அதனால் அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தோம்.

‘பாக்கி தீர்ந்தது’ என்று ஒரு டிக் பெட்டி. ஆக்சஸ் அதில் ‘ஆம்’ என்பதை -1 என்று வைத்திருக்கும், சர்வரில் ஆம்/இல்லை வைக்கும் ‘பிட்’ வகையோ 1 என்று வைக்கும். பழைய வினவலில் (தரவைத் தேடி எடுக்கும் கட்டளையில்) ‘= -1’ என்று இருந்ததை அப்படியே சர்வரில் வியூவாக, அதாவது சேமித்து வைத்த வினவலாக, எழுதினால் ஒரு வரிகூட வராது. பாக்கி தீர்த்தவர் ஒருவரும் இல்லை என்று திரை காட்டும். கணக்குப்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘<> 0’ (0 அல்லாதது) என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாக வரும். அதே பெட்டி சர்வரில் ஆம், இல்லை இரண்டும் இல்லாமல் வெற்றாக (null) இருந்துவிட்டால், ஆக்சஸ் படிவத்தில் திருத்திச் சேமிக்கும்போது ‘வேறொருவர் இந்தப் பதிவை மாற்றிவிட்டார்’ என்ற பொருளில் செய்தி வரும், வேறொருவரும் தொடாமலே. பழைய வெற்றிடங்களில் 0 நிரப்பி, அதையே இயல்பு மதிப்பாக்கி, அட்டவணையில், பதிவு மாறும்போதெல்லாம் தானாக மாறும் ‘ரோவெர்ஷன்’ நெடுவரிசை ஒன்று சேர்த்தால் தீரும்.

தேதியிலும் பெயர்ப்பு உண்டு. ஆக்சஸ் கி.பி. 100 முதல் எந்தத் தேதியையும் ஏற்கும். 2003 என்பதற்கு 203 என்று தட்டியிருந்தாலும் பேசாமல் வாங்கி வைத்திருக்கும். சர்வரில் தேதி வைக்கும் பழைய ‘டேட்டைம்’ வகை 1753க்கு முன்னால் போகாது, அந்த இடத்தில் ஏற்றம் நின்றுவிடும். (பிரிட்டன் 1752இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியதுதான் அந்த எல்லைக்குக் காரணம்.)

தமிழ் எழுத்துதான் எனக்கு மிகவும் முக்கியம். பழைய பட்டியலில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் டாம் (TAM) என்ற பழைய தமிழ்க் குறியேற்ற எழுத்துருவில் இருந்தன. அவற்றை முதலில் யூனிகோடாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் நெடுவரிசையை யூனிகோடு எழுத்துக்கான என்வார்சார் (nvarchar) வகையாக வைக்காமல், வழக்கமான அமைப்பில் வெறும் வார்சார் (varchar) ஆக வைத்தால் மீன் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும். கட்டளையில் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் பெரிய ‘N’ எழுத்தைப் போட மறந்தாலும் அதே கதிதான். எழுத்தையே ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குக் கொண்டுபோகும் இந்த வேலையைப் ‘பெயர்ப்பு’ என்னாமல் வேறென்ன சொல்வது?

மதுரை நண்பர் ஒரு வலுவான மறுப்பை வைத்தார்: மொழிபெயர்ப்பில் மூலம் அப்படியே இருக்கும், மைக்ரேஷனில் பழையதை விட்டுவிட்டு வருகிறோமே என்று. நடைமுறை அப்படியில்லை, ஐயா. அட்டவணைகளும் வினவல்களும் மட்டும் சர்வருக்குப் போகின்றன. படிவங்களும் அறிக்கைகளும் ஆக்சஸிலேயே இருந்து, சர்வரில் உள்ள அட்டவணையை ஆக்சஸில் காட்டும் ‘இணைப்பு அட்டவணை’ வழியாகச் சர்வரோடு பேசுகின்றன. பழைய கோப்பையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு ஆள் பேரிலும் இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகை ஒத்துப்போகும் வரை அதுதான் மூலம், சந்தேகம் வந்தால் அதைத்தான் திறந்து பார்க்கிறோம். எல்லாம் கிளம்பிப் போய்விட்டதாகச் சொல்லும் ‘இடம்பெயர்வு’தான் இங்கே பொருந்தவில்லை.

கடைக்காரர் கேட்பது, “தம்பி, சர்வர்ல ஏத்திட்டியா?” நல்ல சொல்தான். ஆனால் ஏற்றுவது இந்த வேலையில் ஒரு படி மட்டும். அந்தப் படிக்குத் ‘தரவேற்றம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ‘தரவு மாற்றம்’ வேண்டாம், ஒரு பதிவைத் திருத்துவதும் மாற்றம்தான்.

என் முன்மொழிவு: தரவுப்பெயர்ப்பு – ஒரு தரவுத்தளத்தில் உள்ளவற்றை, வகையும் எழுத்துமுறையும் வினவலும் பொருந்தும்படி மாற்றி, வேறொரு தரவுத்தள அமைப்பில் இயங்கவைத்துச் சரிபார்த்தல். வினையாகச் சொல்ல ‘தரவைப் பெயர்’ போதும். சேர்த்து எழுதுவதா, ‘தரவுப் பெயர்ப்பு’ என்று பிரித்தா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. தேடுபொறியில் சிக்குவதற்குச் சேர்த்து எழுதுவது உதவும்.

செய்த மாற்றத்தை விலக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் ‘ரோல்பேக்’ இதோடு ஒட்டிய சொல். அதைத் தனி இழையில் எடுக்கலாமா?

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து